ஈரலும் ஓர் அமானிதம்





ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயானுக்காக நாம் கொடைக்கானலுக்குப் போயிருந்தோம். தொழுகை முடிந்ததும் ஜமாஅத்தார், "ஹஜ்ரத், நம்ம பாய் ஒருத்தர் படுத்த படுக்கையா இருக்கார். ஒரு எட்டு வந்து பார்த்து துஆச் செஞ்சுட்டுப் போகணும்" என்று கேட்டுக்கொண்டார்கள். நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் இன்னொரு முஸ்லிமுக்குச் செய்யவேண்டிய கடமைகளில் ஒன்றல்லவா? உடனே சென்றோம்.

அவருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். வத்தலக்குண்டிலிருந்து அத்தாவோடு சிறு வயதிலேயே மலையேறி வந்தவர். ஸ்வெட்டரும் யூகலிப்டஸ் தைலமும் விற்கும் சிறிய கடை வைத்திருக்கிறார். ஐவேளைத் தொழுகையைப் பள்ளியில் தொழுதவர் என்று மோதினாரே சாட்சி சொன்னார். இப்போது கண்கள் மஞ்சளாகி, கைகால்கள் குச்சியாகி, வயிறு மட்டும் நீர் கட்டி உப்பியிருந்தது. நம் முன்னோர் மகோதரம் என்று சொன்னார்களே, அதே நிலை. துஆச் செய்துவிட்டு எழுந்தோம்.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது உடன் வந்த ஒருவர் நம் காதருகில் குனிந்து, "ஈரல் கெட்டுப்போச்சாம் ஹஜ்ரத். கொடைக்கானல்ல கடை வச்சுக்கிட்டு, இந்தக் குளிர்ல, குடிக்காமலா இருந்திருப்பார்? கடைசியிலதானே எல்லாம் வெளியே வருது" என்றார்.

நாம் ஒன்றும் பேசவில்லை. இல்லை என்று மறுக்கவுமில்லை. உண்மையைச் சொல்வதானால், ஒரு கணம் நம் மனமும் 'அப்படித்தான் இருக்குமோ?' என்று எண்ணிவிட்டது. மலையிறங்கி வரும் வழியெல்லாம் அந்த எண்ணமே நம்மை உறுத்தியது. இக்கட்டுரை எழுத அதுவே காரணம்.

அந்த எண்ணம் ஏன் பாவம்?

எண்ணங்களில் பெரும்பாலானவற்றை விட்டும் விலகிக்கொள்ளுங்கள், சில எண்ணங்கள் பாவமாகும், துருவித் துருவி ஆராயாதீர்கள், ஒருவரையொருவர் புறம் பேசாதீர்கள் என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12-ஆம் வசனத்தில் அல்லாஹ் எச்சரிக்கிறான். புறம் என்றால் என்னவென்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கும்போது, உன் சகோதரன் வெறுப்பதை அவன் இல்லாதபோது பேசுவதே புறம் என்றும், பேசியது அவனிடத்தில் இருந்தால் அது புறம், இல்லாவிட்டால் அது இட்டுக்கட்டிய அவதூறு என்றும் தெளிவாக்கியிருக்கிறார்கள். ஆகவே அந்த மனிதர் குடித்திருந்தாலும் அந்தப் பேச்சு பாவம். குடிக்காதவராக இருந்தால் அதைவிடப் பெரிய பாவம்.

நடந்தது என்ன தெரியுமா? பிறகு விசாரித்தபோது அவருடைய தம்பி சொன்னார். நான்கு வருடங்களாகவே அவருக்கு உடம்பில் அசதி, காலில் வீக்கம். காமாலை என்று யார் யாரோ கொடுத்த வேரையும் பொடியையும் ஆறு மாதம் சாப்பிட்டிருக்கிறார். ஈரல் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டால் ஊர் என்ன நினைக்கும் என்று பயந்தே மதுரைக்குப் போவதைத் தள்ளிப்போட்டிருக்கிறார். கடைசியில் போனபோது இரத்தத்தைச் சோதித்த டாக்டர், "உங்களுக்கு இருப்பது ஹெபடைடிஸ் பி. அநேகமாகப் பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்திருக்கும்" என்றாராம். அவருடைய அம்மா, இவர் சிறு பிள்ளையாக இருக்கும்போதே வயிறு வீங்கி மௌத்தானவர். மதுவின் வாடைகூட அறியாத அந்தத் தாய்க்கு அன்று யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று ஊர் பேசியது. இன்று மகனைக் குடிகாரர் என்று பேசுகிறது. தாயைக் கொன்ற நோயும் மகனைப் படுக்கையில் தள்ளிய நோயும் ஒன்றேதான்!

ஈரல் நோய் என்றாலே குடிதான் என்ற எண்ணம் வெறும் பாவமாக மட்டும் நின்றுவிடவில்லை. அது நோயாளியை ஒளிந்துகொள்ள வைத்தது. "நாங்கள் குடிப்பதில்லையே, எங்களுக்கு எதற்கு டெஸ்ட்?" என்று வீட்டாரையும் சும்மா இருக்க வைத்தது. ஆகவே இந்நோயின் காரணங்களை ஒவ்வொரு முஸ்லிம் குடும்பமும் அறிந்துகொள்ளக் கடமைப்பட்டிருக்கிறது.

ஈரல் என்னும் ஊமை ஊழியன்

வலது விலா எலும்புகளுக்குக் கீழே, ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையில் அல்லாஹ் அமைத்திருக்கும் உறுப்பு ஈரல். நாம் உண்பதிலிருந்து குடல் உறிஞ்சும் சத்தில் பெரும்பகுதி முதலில் ஈரலுக்குத்தான் போகிறது. அது சர்க்கரையைச் சேமித்து வைத்துப் பசிக்கும்போது கொடுக்கிறது. கொழுப்பைச் செரிக்கப் பித்தநீரைச் சுரக்கிறது. காயம்பட்டால் இரத்தம் உறைவதற்கான பொருள்களைச் செய்கிறது. மருந்தின் மிச்சத்தையும் நஞ்சையும் முறித்து வெளியேற்றுகிறது. ஒரு பகுதியை வெட்டி எடுத்தாலும் திரும்ப வளரும் ஆற்றலை அல்லாஹ் அதற்குத் தந்திருக்கிறான்.

ஆனால் அது வலியைச் சொல்லாத உறுப்பு. வருடக்கணக்காக அடிபட்டுக்கொண்டே வேலை செய்யும். அடிபட்ட இடமெல்லாம் தழும்பாகித் தழும்பாகி, கடைசியில் ஈரல் கல்லாக இறுகிச் சுருங்கும். இதையே டாக்டர்கள் சிரோசிஸ் என்கிறார்கள். அதன் பிறகே வயிற்றில் நீர், கண்ணில் மஞ்சள், இரத்த வாந்தி, புத்தி மயக்கம் எல்லாம் வருகின்றன.

அரபு மொழியில் ஈரலுக்கு 'கபித்' என்று பெயர். கஷ்டத்திலேயே மனிதனைப் படைத்திருப்பதாகச் சொல்லும் அல்பலத் அத்தியாயத்தின் வசனத்தில் கஷ்டத்துக்கு வரும் சொல் 'கபத்'. இரண்டும் ஒரே வேர் எழுத்துக்களால் ஆனவை. வாழ்நாள் முழுதும் ஓயாது உழைக்கும் இந்த உறுப்பை நினைத்தால் அச்சொற்களின் உறவு நமக்கு நன்றாக விளங்குகிறது.

இந்த உறுப்பைக் கெடுக்கும் காரணங்களை இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தண்ணீர் வழியே வருவது

முதலாவது, அசுத்தமான தண்ணீரும் உணவும். ஹெபடைடிஸ் ஏ, ஈ என்னும் இரு கிருமிகள் நோயாளியின் மலத்தில் வெளியேறி, தண்ணீரில் கலந்து, பிறர் வாய்க்குள் போகின்றன. 1955-ஆம் ஆண்டின் கடைசியில் டில்லி மாநகரில், யமுனைத் தண்ணீரில் சாக்கடை கலந்ததால் ஏறக்குறைய 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. அதற்குக் காரணம் ஹெபடைடிஸ் ஈ என்பது பல வருடங்கள் கழித்தே உறுதியாயிற்று. பெரும்பாலோருக்கு இது தானாகவே குணமாகிவிடும். ஆனால் கர்ப்பிணிகளுக்கு, அதிலும் கடைசி மாதங்களில், ஹெபடைடிஸ் ஈ உயிரையே பறிக்கக்கூடியது.

மலையில் ஓடும் தண்ணீர் எல்லாம் சுத்தம் என்று நம்மவர்கள் எண்ணுகிறார்கள். கொடைக்கானல் ஏரி இயற்கையாக அமைந்ததன்று. 1863-ஆம் ஆண்டில் லெவின்ஜ் என்ற வெள்ளைக்கார அதிகாரி ஓடையைக் கட்டி உண்டாக்கியது. அந்த ஏரியின் மிகுதி நீர்தான் வத்தலக்குண்டு சாலையில் வெள்ளி நீர்வீழ்ச்சியாக 180 அடி உயரத்திலிருந்து விழுகிறது. மேலே ஏரிக்கரையில் நடப்பது கீழே அருவியில் வந்து சேரும். சுற்றுலா போகும் குடும்பங்கள் அந்த நீரை அள்ளிக் குழந்தைக்குக் குடிக்கக் கொடுக்கலாமா? கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைக் கையோடு கொண்டுபோவதில் என்ன சிரமம்?

நீர்த்துறையிலும், நடைபாதையிலும், நிழலிலும் மலஜலம் கழிப்பது சாபத்தைத் தேடித்தரும் மூன்று செயல்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருப்பது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. கிருமி என்ற சொல்லே இல்லாத காலத்தில் சொன்னது. இன்று கரையோரத்தில் உட்காருகிறவனும், தங்கும் விடுதியின் கழிவை ஓடையில் திருப்பி விடுகிறவனும் ஒரே கணக்கில்தான் வருவார்கள்.

இரத்தத்தின் வழியே வருவது

இரண்டாவது, ஹெபடைடிஸ் பி, சி என்னும் கிருமிகள். இவை இரத்தத்தின் வழியே வருகின்றன. பி கிருமி தாம்பத்திய உறவாலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கும் பரவும். பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் தொண்ணூற்றைந்து பேர் அதை வென்றுவிடுவார்கள். பிறக்கும்போதே தொற்றினால் பத்துப் பிள்ளைகளில் ஒன்பதுக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடும். முப்பது, நாற்பது வருடம் ஓசையின்றி இருந்துவிட்டுப் பிறகு ஈரலைச் சுருக்கும், அல்லது புற்றுநோயாக்கும். 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி நம் நாட்டில் 2 கோடியே 98 லட்சம் பேர் பி கிருமியோடும், 55 லட்சம் பேர் சி கிருமியோடும் வாழ்கிறார்கள் என உலக சுகாதார நிறுவனம் தெரிவிக்கிறது. இவர்களெல்லாம் குடிகாரர்களா?

நம் வீட்டுப் பழக்கங்களையும் இங்கே எண்ணிப் பார்க்கவேண்டும். ஏழாம் நாள் அகீகாவில் பிள்ளைக்கு முடி இறக்குகிறோம். ஆண் பிள்ளைகளுக்குக் கத்னா செய்கிறோம். பெண் பிள்ளைகளுக்குக் காது குத்துகிறோம். ஹஜ், உம்ராவில் தலை மழிக்கிறோம். சுன்னத் என்று ஹிஜாமா செய்து இரத்தம் எடுத்துக்கொள்கிறோம். இவை ஒவ்வொன்றிலும் ஒருவருடைய இரத்தம் பட்ட கத்தியோ ஊசியோ கோப்பையோ அடுத்தவர்மீது பட்டால் கிருமி தாவிவிடும். பி கிருமி உடலுக்கு வெளியே ஏழு நாள்வரை உயிரோடு இருக்கும். ஒரு தலைக்கு ஒரு புதுப் பிளேடு என்று நாவிதரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். வெட்கப்படாதீர்கள். ஹிஜாமா செய்பவர் கோப்பையையும் பிளேடையும் ஒருமுறைக்குமேல் பயன்படுத்துவாரானால் எழுந்து வந்துவிடுங்கள். பிறருக்குத் தீங்கு விளைவிக்கும் முறையில் செய்துவிட்டு, அதற்குச் சுன்னத் என்று பெயர் சூட்டுவது முறையாகாது. 2001-க்கு முன் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் சி கிருமிக்கான சோதனையை ஒருமுறை செய்துகொள்வது நல்லது.

மற்றொன்றையும் தெளிவாகச் சொல்கிறோம். ஒரே தட்டில் சஹனில் உண்பதாலும், முஸாபஹா செய்வதாலும், பக்கத்தில் நின்று தொழுவதாலும், ஒரே ஹவ்ளில் ஒளூச் செய்வதாலும் பி, சி கிருமிகள் பரவுவதில்லை. ஆகவே நோயாளியின் தட்டைத் தனியே ஒதுக்குவது அறியாமை. அவருடைய சவரக் கத்தியையும், பல் துலக்கும் பிரஷையும், நகவெட்டியையும் மட்டும் தனியே வைத்தால் போதும்.

பி கிருமிக்குத் தடுப்பூசி இருக்கிறது. பிள்ளை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போடவேண்டும். அரசாங்கமே இலவசமாகப் போடுகிறது. சி கிருமியை மூன்று மாத மாத்திரையால் பெரும்பாலோருக்கு அடியோடு ஒழித்துவிடலாம். பி கிருமியைத் தினம் ஒரு மாத்திரையால் அடக்கி வைக்கலாம். 2018-ஆம் ஆண்டு ஜூலை 28-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் இச்சோதனைகளும் மாத்திரைகளும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். பி கிருமியைக் கண்டறிந்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற புளும்பர்க் பிறந்த நாளும் அதே ஜூலை 28 தான்.

குளிர் நாட்டவர் கேட்ட கேள்வி

மூன்றாவது, மது. அது ஈரலைக் கெடுப்பது உண்மை. மறைக்க வேண்டியதில்லை. சமவெளியிலிருந்து மலைக்குப் போகும் நம் பிள்ளைகள் சிலர், "ஏழாயிரம் அடி உயரம், குளிர் தாங்கவில்லை, மருந்தாகக் கொஞ்சம்" என்று தொடங்குகிறார்கள். இந்தக் கேள்வி புதிதன்று. எமன் நாட்டு ஹிம்யர் கூட்டத்தைச் சேர்ந்த தைலம் (ரலி) என்ற ஸஹாபி நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, நாங்கள் குளிர் பிரதேசத்தில் இருக்கிறோம், கடினமான வேலை செய்கிறோம், குளிரையும் உழைப்பையும் தாங்குவதற்காகக் கோதுமையில் ஒரு பானம் செய்து குடிக்கிறோம் என்று சொன்னார்கள். அது போதை தருமா என்று மட்டுமே நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். ஆம் என்றதும், அதை விட்டு விலகிவிடுமாறு சொன்னார்கள். அபூதாவூதில் வரும் இந்த ஹதீஸைக் கொடைக்கானலுக்குச் சுற்றுலா போகும் ஒவ்வோர் இளைஞனும் தெரிந்துகொள்ளவேண்டும். மருந்துக்காக மது காய்ச்சுவதாகச் சொன்ன இன்னொரு ஸஹாபியிடம், அது மருந்தல்ல, நோய் என்றே நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை முஸ்லிம் கிரந்தத்தில் காண்கிறோம். மது உடம்பைச் சூடாக்குவதும் இல்லை. தோலுக்கு இரத்தத்தைத் தள்ளி, சூடானதுபோல் காட்டி, உள்ளிருக்கும் சூட்டை வெளியேற்றிவிடுகிறது.

கொடைக்கானல் என்னும் ஊரே நோய்க்குப் பயந்தவர்கள் உண்டாக்கியது. மதுரைச் சீமையின் வெயிலிலும் கொள்ளைநோய்களிலும் தம்மவரைப் பறிகொடுத்த அமெரிக்கப் பாதிரிமார்கள் 1845-ல் அங்கே முதல் இரு பங்களாக்களைக் கட்டினார்கள். அக்காலத்து வெள்ளைக்காரர்களில் பலர் இந்திய வெயில்தான் ஈரலைக் கெடுக்கிறது என்று நம்பி மலைமலையாக ஏறினார்கள். வெயில்மீது பழிபோட்ட எத்தனையோ பேர் தம் மேசைமீதிருந்த மதுப்புட்டியைக் கவனிக்கவில்லை. கெட்டுப்போன ஈரல் மலைக்காற்றால் குணமாவதில்லை.

இக்காலத்தில் இன்னொரு கேடும் சேர்ந்திருக்கிறது. போதைக் காளான் தேடி அம்மலைக்குப் போகும் வாலிபர்கள் இருக்கிறார்கள். போதை தருவது எதுவாயினும் ஹராம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். காட்டுக் காளான்களில் சில வகைகள், தின்ற சில நாட்களிலேயே ஈரலை முழுதாக அழித்துவிடும். சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. காளானின் தோற்றத்தைப் பார்த்து இன்னதென்று சொல்வது பழகியவர்களுக்கே கடினம்.

நம் சமுதாயத்தில் குடிப்பவரே இல்லை என்று நாம் சொல்லவில்லை. அப்படி ஒருவர் நோயில் விழுந்தால், அவரை ஏசுவதும் நம் வேலையன்று. தவ்பாவின் வாசலை அல்லாஹ் திறந்து வைத்திருக்கும்போது அதை அடைக்க நாம் யார்? குடியை நிறுத்தினால் பழுதான ஈரலும் பல சமயம் தேறி வருகிறது. ஆனால் நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தும்போது நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும். ஆகவே டாக்டரின் மேற்பார்வையில் நிறுத்துவதே பத்திரம்.

சாப்பாட்டாலும் மருந்தாலும்

நான்காவது காரணம் நம் சஹனிலேயே இருக்கிறது. ஒரு சொட்டு மதுவும் தொடாதவருக்கு ஈரலில் கொழுப்பு படிகிறது. பருத்த வயிறு, சர்க்கரை நோய், அசையாத வாழ்க்கை, நெய்ச்சோறு, இனிப்பு, கலர் பானம் எல்லாம் சேர்ந்து ஈரலைக் கொழுக்க வைக்கின்றன. அவர்களில் சிலருக்குக் குடிகாரருக்கு வருவது போலவே ஈரல் சுருங்குகிறது. வயிற்றைவிடக் கெட்ட பாத்திரத்தை மனிதன் நிரப்புவதில்லை என்றும், மூன்றில் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு தண்ணீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியது திர்மிதியில் உள்ளது. மது ஹராம் என்பதில் உறுதியாக இருக்கும் நாம், வீண்விரயம் செய்யாமல் உண்ணுங்கள் என்ற கட்டளையில் ஏன் தளர்ந்துவிட்டோம்? ரமலானில் பகலெல்லாம் நோன்பிருந்து, இரவெல்லாம் வடையும் சமோசாவும் ரோஸ்மில்க்குமாகக் கழித்து, பெருநாளில் எடை கூடி நிற்பது நோன்பின் நோக்கமா? உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தாலே ஈரலின் கொழுப்பும் வீக்கமும் பெரும்பாலும் இறங்கிவிடும்.

ஐந்தாவது, மருந்து. மஞ்சள் காமாலை என்றதும் கண்ணில் சாறு ஊற்றுவதும், கையில் சூடு வைப்பதும், மலையிலிருந்து வந்த வேர் என்று விலைக்கு வாங்கிக் குடிப்பதும் நம்மிடம் உண்டு. ஹெபடைடிஸ் ஏ, ஈ காமாலைகள் பெரும்பாலும் தாமாகவே இறங்குபவை. ஆகவே எதைக் கொடுத்தாலும் 'கேட்டது' போலத் தெரியும். பி, சி கிருமிகள் அப்படிப் போவதில்லை. நம் நாட்டுக் கீழாநெல்லியைச் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புளும்பர்க்கோடு சேர்ந்து ஆராய்ந்தார்கள். பி கிருமி பலருக்கு நீங்கியதாக 1988-ல் லான்செட் இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. கீழாநெல்லியை இகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அதை நம்பி மாத்திரையைக் கைவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறோம். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று சீந்தில்கொடியைத் தொடர்ந்து சாப்பிட்ட சிலருக்கு ஈரல் வீங்கியதை மும்பை டாக்டர்கள் 2021-ல் எழுதினார்கள். காய்ச்சலுக்குப் போடும் பாரசிட்டமால்கூட அளவு மீறினால் ஈரலை அழிக்கும். மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்தால், விளையும் தீங்குக்கு அவரே பொறுப்பாளி என்று நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்திருக்கிறார்கள்.

நோயோடு வாழ்பவருக்கு

ஈரல் சுருங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று மனம் உடையவேண்டாம். முதுமை ஒன்றைத் தவிர மருந்தில்லாத நோயை அல்லாஹ் வைக்கவில்லை, மருந்து செய்துகொள்ளுங்கள் என்பதே நபிவழி. வயிற்றில் நீர் இருப்பவர் உப்பை வெகுவாகக் குறைக்கவேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம். பத்தியம் என்று முட்டை, பருப்பு, மீனை நிறுத்திப் பட்டினி போடுவது தவறு. அவருக்குப் புரதம் தேவை. இரவில் படுக்குமுன் சிறிது உண்பது நல்லது. டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை போடக்கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக் கட்டி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இரத்த வாந்தி, தார்போல் கருத்த மலம், காய்ச்சலோடு வயிற்று வலி, உளறல், பகலில் தீராத தூக்கம் ஆகியவை தென்பட்டால் விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். மலைமேல் இருப்பவர்கள் இதை இருமடங்கு நினைவில் வைக்கவேண்டும். இரவில் மலைப்பாதையில் இறங்குவதற்கே பல மணி நேரம் ஆகும்.

நோன்பைப் பற்றி அந்தச் சகோதரரும் நம்மிடம் கேட்டார். "முப்பது நோன்பும் விடாமல் பிடித்தவன் ஹஜ்ரத், இந்த வருஷம் விட்டால் குற்றமாகுமா?" என்றபோது அவர் கண்கள் கலங்கின. நோயாளிக்கு அல்லாஹ்வே அல்பகரா அத்தியாயத்தின் 184, 185-ஆம் வசனங்களில் சலுகை தந்திருக்கிறான். நம்பத்தகுந்த டாக்டர் நோன்பு தீங்கு செய்யும் என்று சொன்னால் விடுவதே அவருக்கு வணக்கம். குணமாகும் நோயானால் பின்னர் களாச் செய்யவேண்டும். குணமாக வாய்ப்பில்லையானால் ஒவ்வொரு நோன்புக்கும் ஃபித்யாவாக ஓர் ஏழைக்கு உணவளிக்கவேண்டும். நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும் தொழலாம். மருந்தினால் வயிறு அடக்க முடியாமல் தொடர்ந்து போகும் நிலையிலிருப்பவர், ஒவ்வொரு ஃபர்ளுக்கும் நேரம் வந்தபின் ஒளூச் செய்து தொழுதுகொள்ளலாம்.

மருந்தால் முடியாத நிலையில் ஈரல் மாற்று சிகிச்சை உண்டு. இந்தியாவில் முதன்முதலாக இதில் பிழைத்த குழந்தை நம் காஞ்சிபுரத்துப் பிள்ளை. 1998-ல் டில்லியில், தந்தை தம் ஈரலின் ஒரு பகுதியைக் கொடுத்தார். இரண்டு வயதுகூட நிரம்பாத அந்தப் பிள்ளை பின்னாளில் டாக்டராகவே ஆகிவிட்டார். உறுப்பு மாற்றத்தை நிபந்தனைகளோடு ஆகுமானது என்று ஜித்தாவிலுள்ள சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி 1988-ல் முடிவு செய்திருக்கிறது. கருத்து வேறுபாடுகளும் உண்டு. தேவை ஏற்பட்டால் தம் ஊர் ஆலிம்களிடம் விளக்கம் கேட்டு நடந்துகொள்ளலாம்.

விதியிலிருந்து விதிக்கு

அந்தச் சகோதரரின் தம்பியைச் சோதனை செய்துகொள்ளச் சொன்னபோது, "அல்லாஹ் நாடினது நடக்கட்டும் ஹஜ்ரத். எதுக்குப் போய்க் கிளறணும்?" என்றார். ஹிஜ்ரி 18-ஐ ஒட்டி ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியபோது, அங்கே போய்க்கொண்டிருந்த ஹள்ரத் உமர் (ரலி) அவர்கள் வழியிலேயே திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குப் போகிறோம் என்று உமர் (ரலி) பதிலளித்தார்கள். ஒரு பள்ளத்தாக்கின் ஒரு சரிவு பசுமையாகவும் மறு சரிவு வறண்டும் இருந்தால், ஒட்டகத்தை எங்கே மேய்த்தாலும் விதிப்படிதானே மேய்க்கிறாய் என்று உவமையும் சொன்னார்கள். இதைக் கேட்டதும் தம்பி சிறிது நேரம் மௌனமாக இருந்தார். அடுத்த வாரம் மதுரைக்குப் போனார்.

அவருக்கும் கிருமி இருந்தது. தங்கைக்கும் இருந்தது. தங்கையின் மகள் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. அவளுக்கும் இருந்தது! அல்ஹம்துலில்லாஹ், மூவருக்கும் ஈரல் இன்னும் சுருங்கவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பிரசவம் ஆஸ்பத்திரியில் நடந்தது. பிறந்த சில மணி நேரத்துக்குள் பிள்ளைக்குத் தடுப்பூசியும், கூடவே கிருமியை எதிர்க்கும் இன்னோர் ஊசியும் போட்டார்கள். பின்னர் சோதித்தபோது பிள்ளையின் இரத்தத்தில் கிருமி இல்லை. நான்கு தலைமுறையாக வந்திருக்கக்கூடிய சங்கிலி அந்தப் பிள்ளையோடு அறுந்தது.

நாம் மறுபடியும் மலையேறினோம். மாத்திரையாலும் கவனிப்பாலும் அந்தச் சகோதரரின் வயிற்று நீர் வடிந்திருந்தது. கடை வாசலில் நாற்காலி போட்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார். அவர் கையைப் பிடித்து, "அன்று உங்களைப் பற்றி நம் முன்னால் ஒரு பேச்சு வந்தது. நாம் அதைத் தடுக்கவில்லை. மாப்புக் கொடுங்கள்" என்று கேட்டோம். யார் பேசியது, என்ன பேசியது என்று அவர் கேட்கவில்லை. "எனக்குத் தெரியும் ஹஜ்ரத்" என்றார். பிறகு பையனைக் கூப்பிட்டு நமக்கு டீ வாங்கி வரச் சொன்னார்.

சகோதரர்களே! தாகத்தால் நாக்கைத் தொங்கவிட்ட ஒரு நாய்க்குக் காலுறையில் தண்ணீர் மொண்டு கொடுத்த மனிதரை அல்லாஹ் மன்னித்ததை நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னபோது, பிராணிகளுக்குச் செய்வதிலும் நன்மை உண்டா என்று ஸஹாபாக்கள் கேட்டார்கள். ஈரம் உள்ள ஈரலைக் கொண்ட எந்த உயிருக்குச் செய்வதிலும் நன்மை உண்டு என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் பதில் அருளினார்கள். உயிருள்ளதைக் குறிக்க ஈரலையே சொன்னார்கள். ஈரல் காய்ந்து கிடக்கும் ஒரு மனிதருக்கு நாம் செய்யக்கூடிய நன்மை என்ன? அவரைப் போய்ப் பாருங்கள். நீண்ட நேரம் உட்கார்ந்து களைப்பாக்காதீர்கள். எப்படி வந்தது என்று விசாரிக்காதீர்கள். மருந்துக்கு வழியில்லாவிட்டால் ஸகாத்திலும் ஸதகாவிலும் அவர் தகுதியைப் பார்த்து உதவுங்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது வயிறு வீங்கியோ காமாலை வந்தோ மௌத்தான வரலாறு இருந்தால், இந்த மாதமே பிள்ளைகளோடு போய் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். மருமகள் கர்ப்பமாக இருந்தால் முதலில் அவளை அழைத்துப் போங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் உடல்களை உன் அமானிதமாகப் பேணும் அறிவைத் தந்தருள்வாயாக! நோயுற்ற எங்கள் சகோதர சகோதரிகளுக்குப் பூரண ஷிபாவைத் தந்தருள்வாயாக! அறியாததைப் பேசும் நாவிலிருந்தும், தடுக்காமல் கேட்டிருக்கும் செவியிலிருந்தும் எங்களைக் காப்பாற்றுவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.